பெல்லட் அடுப்பின் கிரீச் சத்தம்: பத்து வரை எண்ணிப் பிடித்த கதை

எங்கள் வீட்டு பெல்லட் அடுப்புக்கு இது மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டும் ஒரு குறையில்லாமல் ஓடின. இந்த முறை குளிர் இறங்கிய முதல் வாரத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. துருப்பிடித்த கிணற்று ராட்டினத்தில் கயிற்றை இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அதே கிரீச். பகலில் பேச்சு, டிவி என்று மற்ற சத்தங்களில் அமுங்கிவிடும். இரவு வீடு அடங்கியபின் கேட்டால், கூடத்தில் யாரோ கதவை மெல்லத் திறந்து மூடுவது போல இருக்கும்.

நான்கு வார இறுதிகள் இதற்குப் போயின. அதில் முதலாவது முழுக்கத் தவறான இடத்தைத் தோண்டியதில் போனது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தவறு எல்லாருக்கும் வரக்கூடியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடினேன். இரும்புப் பெட்டிக்குள் சத்தம் எந்தப் பக்கமும் ஓடும். பின்னால் கிளம்புவது முன்கதவில் கேட்கும். எங்கே என்பதை விட்டுவிட்டு எப்போது என்று கவனித்திருந்தால் முதல் நாளே பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சிலைவிடச் சற்று மெல்லிய துண்டுகள்தான் பெல்லட். அவற்றைக் கொட்டி வைக்க மேலே ஒரு தொட்டி, ஹாப்பர் என்பார்கள். அதன் அடியில் சாய்வாக ஒரு குழாய், குழாய்க்குள் ஆகர் என்கிற திருகுத் தண்டு. ஒரு கியர் மோட்டார் அந்தத் தண்டை மெல்லச் சுற்ற, பெல்லட் மேலேறி, சரிவில் உருண்டு எரிகிண்ணத்தில் விழும். புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன். சூடான காற்றை அறைக்குள் தள்ள இன்னொரு ஃபேன். 1980-களின் தொடக்கத்தில் இந்த வகை அடுப்பை வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். அமெரிக்காவில் விமானப் பொறியாளராக இருந்தவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், விறகடுப்பு மாதிரி இருக்கும் ஒன்றுக்குள் இத்தனை ஃபேன் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது.

ஆக, சுற்றுகிற சாமான்கள் மூன்று. மூன்றும் வெவ்வேறு நேரத்தில் ஓடுபவை. புகை ஃபேன், பற்றவைக்கத் தொடங்கியதிலிருந்து அடுப்பு ஆறும் வரை நிற்காது. அறை ஃபேன், அடுப்பின் உடம்பு சூடேறிய பிறகுதான் கிளம்பும். எங்கள் அடுப்பில் தீப்பிடித்துப் பத்து நிமிடம் ஆகும். ஆகர் விட்டு விட்டுச் சுற்றும்: சில நொடி ஓடும், சில நொடி ஓய்வெடுக்கும். இந்த மூன்று வரி எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பயன்படுத்தவில்லை.

முதல் வார இறுதி: புகை ஃபேன்

கிரீச் என்றால் பேரிங், பேரிங் என்றால் ஃபேன். என் மூளை அந்த வழியில்தான் ஓடியது. மூன்றில் அதிகம் உழைப்பதும், சூட்டிலும் சாம்பலிலும் கிடப்பதும் புகை ஃபேன்தானே, அதுதான் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வெள்ளி இரவு அடுப்பை முறைப்படி அணைத்து, ஃபேன் தானாக நிற்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். எரியும்போதே பிளக்கைப் பிடுங்கினால் புகையை இழுக்க ஆள் இருக்காது, அறைக்குள் வந்துவிடும். மறுநாள் காலை பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சாம்பலை அள்ள வீட்டில் பெருக்கும் சாதாரண வாக்யூமை எடுக்கக் கூடாது. சாம்பலுக்குள் கங்கு ஒரு நாள் தாண்டியும் உயிரோடு இருக்கும், வாக்யூமின் பை பற்றிக்கொள்ளும். இரும்பு டிரம்மும் சாம்பலுக்கென்றே செய்த ஃபில்டரும் உள்ள வாக்யூம்தான் வேண்டும்.

ஃபேன் மோட்டாரைப் பிடித்திருந்த நட்டுகளைக் கழற்றி, இம்பெல்லர் என்கிற இறகுச் சக்கரத்தோடு வெளியே இழுத்தேன். இறகுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படை. திருநீற்றைக் குழைத்துப் பூசிக் காயவிட்ட மாதிரி. ஒரே சீராக இருந்தாலாவது பரவாயில்லை. இரண்டு மூன்று இறகில் மட்டும் தடிப்பாக, மற்றவற்றில் மெல்லிசாக. ஒரு நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு பக்கம் இரண்டு கிராம் கூடினாலே போதும், அடுப்பு முழுக்க அதிரும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். இறகை வளைத்துவிடக் கூடாது என்பதால் இரும்பு எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை.

பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. கரகரப்பு இல்லை, ஆட்டமும் இல்லை. எங்களுடையது மூடிய பால் பேரிங். அதற்கு எண்ணெய் விட வழியும் இல்லை, தேவையும் இல்லை. பால் பேரிங்குக்குப் பதில் புஷ் என்கிற வெறும் உலோக வளையம் வைத்த பழைய மோட்டார்களில் எண்ணெய்த் துளை இருக்கும்; அவற்றுக்கு டர்பைன் ஆயில் இரண்டு சொட்டு விடலாம். துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் பேரிங்கில் அடிக்க வேண்டாம். இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் முன்னைவிடச் சத்தமாகக் கத்தும்.

எல்லாவற்றையும் திருப்பி மாட்டி, அடுப்பின் டெஸ்ட் மோடில் ஃபேனை மட்டும் ஓடவிட்டேன். தீ இல்லாமல் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலான அடுப்புகளில் உண்டு. கையேட்டில் எங்காவது கடைசியில் ஒளிந்திருக்கும். இத்தனை நாளும் இருந்த ஒரு உறுமல் காணாமல் போயிருந்தது. பழகிப்போனதால் அது இருந்ததே எனக்குத் தெரியவில்லை. பெருமையோடு பற்றவைத்தேன். இருபது நிமிடம். கிரீச்.

கூடவே லேசாகப் புகை வாசம்.

கேஸ்கெட்டில் செய்த கஞ்சத்தனம்

மோட்டார் தகட்டுக்கும் ஃபேன் கூட்டுக்கும் நடுவே, இடுக்கில் கசியாமல் அடைக்க, சூடு தாங்கும் கேஸ்கெட் ஒன்று இருக்கிறது. ஒரு முறை நசுங்கினால் அதே வடிவத்தில் நின்றுவிடும். கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. கையில் புதுசு இல்லை, பழசு பார்க்க நன்றாக இருந்தது, போட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

இந்த அடுப்பில் புகை ஃபேனுக்கு முன்னால் இருக்கும் பகுதி, அதாவது எரியும் அறை, உறிஞ்சப்படும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் அறைக் காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். ஃபேனைத் தாண்டிய பகுதி தள்ளப்படும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும், அதோடு கார்பன் மோனாக்சைடு என்கிற வாசமில்லாத விஷவாயுவும் வரும். நான் பழைய கேஸ்கெட் போட்டது இரண்டாவது வகை இடத்தில்.

எங்கள் கார்பன் மோனாக்சைடு மீட்டரில் எண் தெரியும். எப்போதும் 0 காட்டுவது, அன்று 14 காட்டியது. அலாரம் அடிக்கவில்லை. அடிக்காது. ஐரோப்பியத் தரமான EN 50291-இன்படி, 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் அடிக்க வேண்டும். 30-ஐத் தாண்டாத வரை இரண்டு மணி நேரத்துக்கு அது வாயே திறக்கக் கூடாது. அலாரம் சும்மா இருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, புது கேஸ்கெட் கைக்கு வரும்வரை மூன்று நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தோம். அதை மாட்டிய பிறகு மீட்டர் மறுபடி 0.

கிரீச் மட்டும் அப்படியே இருந்தது.

“ஃபேனையே பிடிச்சுத் தொங்குறீங்க”

இரண்டாவது வாரம், நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை அடுப்பின் முதுகில் அங்கங்கே தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக்குகள் எஞ்சினுக்குச் செய்வதுதான். சோபாவில் படித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: “ஃபேனையே பிடிச்சுத் தொங்குறீங்க. ஃபேன் நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு. இது விட்டு விட்டுத்தானே வருது?”

சரிதான். நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன்.

அடுப்பைக் குறைந்த நிலையான ஒன்றில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். ஆகர் மோட்டார் 3 நொடி ஓடுகிறது, 7 நொடி நிற்கிறது. ஓடும் ஒவ்வொரு முறையும் லேசான முனகல். அதன் தொடக்கத்தில் ஒரு ‘டக்’. ஆனால் கிரீச் எல்லா முறையும் வரவில்லை. கோடு போட்டு எண்ணினேன். கிரீச் வந்த பிறகு ஒன்பது முறை முனகல் மட்டும், பத்தாவது முறை கிரீச். திரும்ப ஒன்பது, திரும்பப் பத்தாவதில் கிரீச். மூன்று சுற்று எண்ணினேன், தப்பவே இல்லை.

மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் 2 ஆர்பிஎம் என்று இருந்தது. நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 30 நொடி. ஒவ்வொரு முறையும் 3 நொடி ஓடுகிறது. பத்து முறை ஓடினால் சரியாக ஒரு சுற்று. அப்படியென்றால் இந்தச் சத்தம் தண்டு ஒரு முழுச் சுற்று வரும்போது ஒரே ஒரு இடத்தில் வருகிறது. தண்டோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று எங்கோ உரசுகிறது.

இதில் ஓர் அழகு இருக்கிறது, சரிபார்க்க எதையும் கழற்ற வேண்டாம். அடுப்பை மூன்றாம் நிலைக்கு ஏற்றினேன். இப்போது மோட்டார் 5 நொடி ஓடுகிறது. என் கணக்கு சரியென்றால் கிரீச் ஆறாவது முறையில் வர வேண்டும். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... ஆறு, கிரீச். நான் போட்ட சத்தத்தில் மனைவி புத்தகத்தை மூடிவிட்டாள்.

பெல்லட் நசுங்குவதால் வரும் சத்தத்துக்கு இப்படி ஒழுங்கு இருக்காது. ஒரு நீளமான துண்டு திருகின் விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் நடுவே மாட்டி ஒடிந்தால் ‘டக்’ என்று கேட்கும். நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். அது சகஜம். மோட்டார் கொஞ்சம் சுற்றி, திணறி, பின்னால் உதைத்துக்கொண்டால் அது அடைப்பு. கியர் பல் தேய்ந்திருந்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்டு மட்டும் அசையாது.

ஆகரைக் கழற்றியது

ஹாப்பரைக் காலி செய்வதில் தொடங்கியது. பெல்லட்டைக் கிண்ணத்தால் அள்ளி எடுத்த பிறகு அடியில் மிஞ்சியது மரத்தூள். அள்ளிப் பார்த்தால் இரண்டு கை நிறைய. பெல்லட்டுக்கான ஐஎஸ்ஓ 17225-2 தரத்தில் முதல் வகைக்கு விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், நீளம் 3.15 முதல் 40 மில்லிமீட்டர், ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், தூள் 1 சதவீதத்துக்குள் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆனால் மூட்டையைத் தூக்கிப் போட்டு எடுக்க எடுக்கத் தூள் கூடும். சரிவான தொட்டியில் பெல்லட் முன்னால் இறங்கிப் போக, தூள் மூலையில் தங்கும். தங்கித் தங்கி ஒரு நாள் மொத்தமாக ஆகருக்குள் சரியும். அங்கே அது அழுந்தினால் மரம் மாதிரி இறுகிப்போகும்.

ஹாப்பர் காலியானதும் டெஸ்ட் மோடில் ஆகரை வெறுமனே சுற்றவிட்டேன். விரலைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். மெல்லத்தான் சுற்றும், ஆனால் கியரின் பலம் விரலைத் துண்டாக்கப் போதும். மூடியைத் திறந்தால் ஆகர் நிற்கும்படி பல அடுப்புகளில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். அதை ஏமாற்றி அழுத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம். மூடியை மூடிவிட்டுக் காதால் கேட்டாலே போதும். பெல்லட் ஒன்று கூட இல்லாமலும் கிரீச் வந்தது. ஆக, பெல்லட் மேல் பழி இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தேன். எங்கள் அடுப்பில் மோட்டார் தண்டின் கீழ் முனையில் இருக்கிறது. ஒரே ஒரு செட் ஸ்க்ரூதான் இரண்டையும் பிடித்திருக்கிறது, ஆலன் கீயால் திறக்க வேண்டும். மூன்று வருடச் சூட்டில் அது தண்டோடு ஒன்றிப் போயிருந்தது. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் விட்டேன். அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாமல் ஒரு முறை முயன்று பார்த்து, ஆலன் கீயின் முனை லேசாக உருண்டுவிட்டது. நல்லவேளை, ஸ்க்ரூவின் பள்ளம் தப்பியது. புது ஆலன் கீ வைத்து, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு திருப்பியதும் ‘டிக்’ என்று விட்டுக்கொடுத்தது.

மோட்டார் வந்ததும் ‘டக்’ சத்தத்துக்குக் காரணமும் சேர்ந்தே வந்தது. இந்த மோட்டாரை அடுப்போடு இறுக்கிப் பிடிப்பதில்லை. தண்டில் தொங்கும், கூடவே சுற்றிவிடாமல் இருக்க ஒரு கம்பி தடுக்கும். கம்பிக்கு ஒரு ரப்பர் உறை. அந்த உறை காய்ந்து பிளந்து விழுந்திருந்தது. அதனால் ஒவ்வொரு முறை மோட்டார் கிளம்பும்போதும் இரும்பில் இரும்பு மோதியிருக்கிறது. சூடு தாங்கும் சிலிக்கான் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன். ஐந்து நிமிட வேலை.

தண்டை வெளியே இழுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தமும் பழுப்புக் கறுப்பாக, மரப்பிசின் படிந்து கிடந்தது. திருகின் வெளி விளிம்பில், அடியிலிருந்து இரண்டாவது சுற்றில், ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் வெள்ளிபோலப் பளபளப்பு. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தால் கீழ்ப்பக்கம் அதே இடத்தில் ஒரு பளபளப்பான கீறல். கிரீச்சின் வீட்டு முகவரி கிடைத்துவிட்டது.

ஏன் உரசியது? கீழ் முனையில் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷைக் கையில் எடுத்தேன். துளை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி. காலிப்பர் வைத்தால் ஒரு திசையில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். புஷ் தேய்ந்து தண்டு அந்த அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. திருகு முழுக்க ஒரே சீராக இருந்திருந்தால் எல்லாச் சுற்றிலும் முனகலோடு போயிருக்கும். வெல்டிங்கில் அந்த ஒரு விரல் இடம் மட்டும் மயிரிழை துருத்தியிருந்ததால், அது கீழே வரும்போதெல்லாம் குழாயைக் கீறியது.

இந்த புஷ் எண்ணெய் ஊறிய வகை. வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்வது; உள்ளே இருக்கும் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். மேலே எண்ணெய் விட்டுக் காப்பாற்றலாம் என்று தோன்றும். ஆகர் பக்கம் அது வேண்டாத வேலை. மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்தால் பசை. அந்தப் பசை சூட்டில் கருகினால் உப்புக்காகிதம் மாதிரி ஆகி, புது புஷ்ஷையும் தின்றுவிடும். தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

துருத்திய இடத்தை நைசான அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்தேன், தட்டவில்லை. பிசினைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்தேன். குழாய்க்குள் இறுகியிருந்த தூளை மரக்கட்டையால் சுரண்டினால் பெயர்ந்து விழுந்தது. தேங்காய் ஓட்டுச் சில்லு போல அத்தனை கெட்டி. புது புஷ்ஷைப் போட்டு, தண்டின் தட்டையான முகத்துக்கு நேராக செட் ஸ்க்ரூ உட்காரும்படி பார்த்து இறுக்கினேன். அது வட்டமான பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் நழுவும்.

பெல்லட் கொட்டி, பற்றவைத்து, நோட்டோடு உட்கார்ந்தேன். முப்பது முறை எண்ணினேன். கிண்ணத்தில் பெல்லட் விழும் ‘கலகல’ மட்டும்.

மற்ற சத்தங்கள்

பெரிய சத்தம் போனால் சின்னச் சத்தங்கள் தலை தூக்கும். அடுத்த வாரமே ஒரு விசில் கேட்டது. மெல்லிசாக, ஒரே சுருதியில், புகை ஃபேன் ஓடும் நேரமெல்லாம். ஃபேன் வேகம் கூடினால் சுருதியும் கூடியது. காற்று எங்கோ சந்தில் நுழைகிறது என்று அர்த்தம். ஆறிய அடுப்பில் புகை ஃபேனை மட்டும் டெஸ்ட் மோடில் ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவு ஓரமாகச் சுற்றிக் காட்டினேன். கண்ணாடிக் கதவைச் சுற்றிப் புகை நேராக எழுந்தது. கீழே சாம்பல் தட்டுக் கதவின் வலது மூலையில் புகை சட்டென்று வளைந்து உள்ளே ஓடியது. அங்கே கயிறு கேஸ்கெட் நசுங்கித் தட்டையாகியிருந்தது. கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்தது. மற்ற இடங்களில் பிடித்துக்கொண்டது.

சத்தத்துக்காக மட்டும் இதை மாற்றவில்லை. அந்த வழியாக வரும் காற்று எரிகிண்ணத்தின் துளைகள் வழியாக வர வேண்டிய காற்று. அது குறைந்தால் தீ சோம்பி, ஆரஞ்சாக நீண்டு ஆடும், கண்ணாடி கரி பிடிக்கும். எங்கள் கண்ணாடி ஏன் அடிக்கடி கறுத்தது என்ற கேள்விக்கும் இதில் பதில் கிடைத்தது. புதுக் கண்ணாடி இழைக் கயிற்றை ஒட்டும்போது இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்தால் மெலியும், மெலிந்தால் மறுபடி விசில்.

அறை ஃபேன் பக்கம் அதிக வேலை இல்லை. அது கிளம்பிய முதல் ஒரு நிமிடம் மட்டும் சிட்டுக்குருவி மாதிரி கத்தியது. நீள உருளையின் ஒரு முனையைத் தாங்கும் ரப்பர் புஷ் காய்ந்திருந்தது. மாற்றினேன். இறகுகளில் சிக்கியிருந்த முடியையும் தூசியையும் துடைத்தேன். அவ்வளவுதான்.

சூடேறும்போதும் ஆறும்போதும் வரும் ‘டிங், டிங்’ பற்றி வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் நீளும். அரை மீட்டர் தகடு 150 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் மெல்ல நகர்வதில்லை, ஸ்க்ரூவில் பிடித்துக்கொண்டு, பிறகு திடீரென்று விடும். அந்த விடுதல்தான் டிங். ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் சத்தம் கூடும், குறையாது.

ஒரு சத்தத்தை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது: ‘டும்’. எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது, போன குளிர்காலத்தில். முதல் முயற்சியில் தீப்பிடிக்கவில்லை. அவசரத்தில் கிண்ணத்தைக் காலி செய்யாமல் திரும்பப் பொத்தானை அழுத்தினேன். பாதி புகைந்த பெல்லட் குவியலின் மேல் புது பெல்லட் விழுந்து, எரியும் அறை முழுக்க வெள்ளைப் புகை நிறைந்து, கடைசியில் மொத்தமும் ஒரே மூச்சில் பற்றியது. கண்ணாடி உடையவில்லை, கதவு உதறியது, என் கால் நடுங்கியது. எரியும் அறையில் வெள்ளைப் புகை அடைத்து நின்றால் கதவைத் திறக்கக் கூடாது, பிளக்கையும் பிடுங்கக் கூடாது. ஃபேன் புகையை இழுத்து முடிக்கட்டும். ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி செய்து, துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, பிறகு பற்றவைக்கலாம். எடுத்த பெல்லட்டைத் திரும்ப ஹாப்பரில் கொட்ட வேண்டாம். உள்ளே கங்கு இருக்கலாம்.

மின்சார உறுமல் ஒன்றும் உண்டு. ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடும்போது ஒரு ‘ம்ம்ம்’. போர்டு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைக்கிறது, அதனால் மோட்டார் சுருள் முனகுகிறது. இது மின்சாரச் சத்தமா, உரசலா என்று பார்க்க, ஆறிய அடுப்பில் ஃபேனை ஓட்டி மின்சாரத்தை நிறுத்திக் கேட்டேன். இறகு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. மின்சாரம்தான். பேரிங் என்றால் சக்கரம் நிற்கும்வரை கூடவே இழுத்துக்கொண்டு போகும். இதற்கு ஒன்றும் செய்யவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு நான்காம் நிலையில் மட்டும் ஒரு ‘தடதட’. மூன்றில் இல்லை, ஐந்திலும் இல்லை. அறை ஃபேனைத் திரும்பக் கழற்றிப் பார்த்தேன், இம்பெல்லரை நினைத்துக் கவலைப்பட்டேன், நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் பக்கத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்ததும் நின்றது. எட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. எட்டாவது, ஆணி டப்பாவுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றுதான். பலமாகக் காற்றடிக்கும் இரவுகளில் வெளியே புகைக்குழாய்ப் பக்கம் ‘டப்... டப்’ என்று ஏதோ தட்டுகிறது. அடுப்பு அணைந்திருக்கும்போதும் தட்டுகிறது, அதனால் உள்ளே சுற்றும் எதுவும் இல்லை. குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் பிடிமானம் தளர்ந்திருக்கலாம், அல்லது மேல் மூடியாக இருக்கலாம். ஏணி போட்டு ஏற வேண்டிய வேலை. காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன். ஆனால் காற்று அடங்கினால் அந்தச் சத்தம் வருவதில்லை, அதுதான் சிக்கல்.